காலி நாற்காலியின் வேலையை யார் செய்கிறார்கள்?

நம் ஊர் வங்கிக் கிளைகள் பலவற்றில் காந்தியின் பெயரோடு ஒரு பலகை தொங்கும். நம் இடத்துக்கு வருகிறவர்களிலேயே வாடிக்கையாளர்தான் முக்கியமான விருந்தாளி என்பது அதன் சாரம். காந்தி எழுதியவற்றில் அந்த வாசகத்துக்கு ஆதாரம் கிடைத்ததில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். விருந்தாளியை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்கிற பலகை, பரிமாற எத்தனை பேர் வேண்டும் என்று சொல்வதில்லை. நான்கு கவுண்டர் கட்டிவிட்டு இரண்டில் மட்டும் ஆள் உட்கார்ந்திருக்கும் கிளையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

வங்கி ஓர் உதாரணம் மட்டுமே. தி.நகர் துணிக்கடையில் தீபாவளி நெருக்கத்தில் ஒரு செக்‌ஷனையே தனியாகப் பார்த்துக்கொள்ளும் விற்பனைப் பெண், பெருங்குடியில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு அடுத்தடுத்து அழைப்பு எடுக்கும் பி.பி.ஓ. ஊழியர், தனியார் மருத்துவமனை ரிசப்ஷனில் ஒரே நேரத்தில் போனுக்கும் ஆளுக்கும் பதில் சொல்கிறவர் என்று இந்த வரிசை நீளும். இவர்கள் எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்கும் அறிவுரையும் ஒன்றுதான்: மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், பாசிட்டிவாக இருங்கள், கோபத்தை மனத்தில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். அந்த அறிவுரையில் எவ்வளவு பயன் உண்டு, எங்கே அது நின்றுவிடுகிறது என்பதை, இத்துறையில் ஐம்பது ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளையும் நம் ஊர் நடப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆள் குறைந்த இடத்தில் வரும் சோர்வின் பெரும்பகுதி மனவலிமைக் குறைவால் வருவதில்லை, ஆள்கணக்கால் வருகிறது என்பதும், பற்றாக்குறையைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடுகிற எந்தச் சமாளிப்பும் கடைசியில் சமாளித்தவரையே வந்து தாக்கும் என்பதும் இதன் முடிவு.

சோர்வின் மூன்று முகங்கள்

பணிச்சோர்வை முதன்முதலில் ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர் நியூயார்க் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். இலவச மருத்துவமனையில் தொண்டாற்றிய இளைஞர்கள், ஆர்வத்தோடு வந்து சேர்ந்து சில மாதங்களில் கருகிப்போவதைக் கண்டு 1974இல் கட்டுரை எழுதினார். அடுத்து, கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சனுடன் சேர்ந்து 1981இல் இதை அளக்க ஒரு கேள்விப்பட்டியலை உருவாக்கினார். இன்றும் இத்துறையில் அதிகம் பயன்படுவது அதுதான்.

மாஸ்லாக் இதை மூன்றாகப் பிரிக்கிறார். முதலாவது, உணர்வு வற்றிப்போவது. இரவு தூங்கி எழுந்த பிறகும் களைப்பு அப்படியே இருக்கும். பஸ் ஏறும்போதே முதல் டோக்கன் நினைவுக்கு வரும். இரண்டாவது, எதிரே நிற்பவர் மனிதராகத் தெரியாமல் போவது. மூன்றாவது, செய்கிற வேலைக்கு ஓர் அர்த்தமும் இல்லை, தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம்.

இவற்றில் வெளியாளின் கண்ணில் படுவது இரண்டாவது மட்டும்தான். ஆயுள் சான்று கொடுக்க வந்த முதியவரைப் பார்த்ததும் எழுந்துபோய், நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கைரேகை எடுத்த அதே குமாஸ்தா, சில வருடம் கழித்துத் தலையைத் தூக்காமலே “நாளைக்கு வாங்க” என்கிறார். வரிசையில் நிற்பவர்கள் அதற்கு வைக்கும் பெயர் திமிர். சில இடங்களில் அது வெறும் திமிராகவே இருக்கலாம். ஆனால் முன்பு அப்படி இல்லாத ஒருவர் இப்படி ஆகியிருந்தால், வற்றிப்போன மனம் மிச்சமிருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளக் கதவைச் சாத்துகிறது என்றே மாஸ்லாக்கின் வழியில் வந்த ஆய்வாளர்கள் அதைப் படிப்பார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் ஐ.சி.டி-11 பதிப்பு, இதை நோயாகச் சேர்க்கவில்லை. வேலையோடு தொடர்புடைய நிலையாகவே பதிவு செய்கிறது. நீண்ட நாள் கையாளப்படாமல் விட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்பது அது தரும் விளக்கம். ஆகவே காரணத்தைத் தேட வேண்டிய முதல் இடம் வேலை செய்யும் இடம். மனச்சோர்வு நோய் வேறு. அது வேலையோடு நிற்காது. லீவு நாளிலும், பிடித்தவர்களோடு இருக்கும்போதும் கூடவே இருக்கும். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டு, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால், அது மருத்துவரிடம் போக வேண்டிய நேரம். அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம்.

சிரிப்பும் வேலைதான்

மூட்டை தூக்குகிறவருக்கு உடம்பு வலிக்கும் என்பதை யாரும் மறுப்பதில்லை. நாள் முழுக்கச் சிரித்த முகமாக இருப்பதும் உழைப்புதான் என்பதை ஆர்லி ரஸல் ஹாக்‌ஷில்ட் 1983இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். அமெரிக்காவின் டெல்டா விமான நிறுவனப் பணிப்பெண்களையும், கடன் வசூலிப்பவர்களையும் அவர் ஆராய்ந்தார். முன்னவர் வேலை பயணியை இதமாக உணரவைப்பது. பின்னவர் வேலை கடன்காரரைக் கலங்கவைப்பது. இரண்டிலும் ஊழியரின் உணர்ச்சியே சரக்கு. சென்னையில் ஒரே கட்டடத்தின் ஒரு தளத்தில் கிரெடிட் கார்டு விற்கும் இனிய குரலும், இன்னொரு தளத்தில் தவணை தவறியவரை விரட்டும் கடுங்குரலும் கேட்பது இதே கதைதான்.

உள்ளே ஒன்றை உணர்ந்துகொண்டு முகத்தில் வேறொன்றைக் காட்டுவது ஒரு வகை. ‘பாவம், எந்த ஊரிலிருந்து வந்தாரோ’ என்று தன்னையே பேசித் தேற்றி உண்மையிலேயே இளகுவது இன்னொரு வகை. பின்னால் வந்த ஆய்வுகள் பலவும் முதல் வகையே அதிகம் சோர்வு தருவதாகச் சொல்கின்றன. இரண்டாவதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். ஒருவர் போய் அடுத்தவர் வருவதற்குள் மூச்சு விட இடைவெளி கிடைத்தால்தான் இளகவே முடியும். வரிசை வாசல்வரை நிற்கும்போது அந்த நொடிகள் இருப்பதில்லை. ஒட்டவைத்த சிரிப்பு மட்டும்தான் சாத்தியம்.

ஜெர்மனியின் கிறிஸ்டியன் டார்மன், டீட்டர் சாப் இருவரும் 2004இல் வாடிக்கையாளரால் வரும் அழுத்தத்தை நான்காக வகுத்தார்கள்: அளவுக்கு மீறிய எதிர்பார்ப்பு, வசைச்சொல், பிடிக்காத ஆள், என்ன வேண்டும் என்றே தெளிவாகச் சொல்லாத ஆள். பட்டுப்புடவைப் பிரிவில் நிற்கும் பெண்ணுக்கு நான்காவதைப் பற்றி விளக்கவே வேண்டாம். “வேற காட்டும்மா” என்ற சொல்லுக்கு நாற்பது புடவை விரியும். “அப்புறம் வர்றோம்” என்று குடும்பம் எழுந்துபோகும். விரித்ததை மடித்து அடுக்குவதற்குள் அடுத்த குடும்பம் உட்கார்ந்திருக்கும். அந்தப் பிரிவில் இன்னொருத்தி இருந்தால் ஒருத்தி காட்ட, ஒருத்தி மடிப்பாள். அந்த இன்னொருத்தி ஊருக்குப் போனவள் திரும்பவில்லை.

எர்லாங் போட்ட கணக்கு

ஒரு இடம் காலியாக இருந்தால் வேலை கொஞ்சம் கூடும், அவ்வளவுதானே என்று மேலிடத்தில் நினைக்கிறார்கள். நூறு வருடத்துக்கு முன்பே இதைத் தவறென்று கணக்குப் போட்டுக் காட்டியவர் டென்மார்க்கின் ஏ. கே. எர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த கணிதவியலாளர். எத்தனை அழைப்புக்கு எத்தனை இணைப்பும் ஆபரேட்டரும் வேண்டும் என்பதை ஆராய்ந்து 1909இலும் 1917இலும் அவர் வெளியிட்ட கட்டுரைகளே வரிசைக் கோட்பாட்டுக்கு அடித்தளம். இன்று கால் சென்டர்களில் ஷிஃப்டுக்கு எத்தனை பேர் என்று முடிவு செய்யும் மென்பொருள்களின் வயிற்றிலும் அவருடைய சூத்திரமே இருக்கிறது.

ஒரு கவுண்டரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஆகும் நேரம் சராசரி 5 நிமிடம். ஆட்கள் முன்பின்னாக வருகிறார்கள்; சிலருக்கு இரண்டு நிமிடம், சிலருக்குப் பதினைந்து. மணிக்குச் சராசரி 9 பேர் வந்தால், வரிசையில் காத்திருக்கும் சராசரி நேரம் 15 நிமிடம். 10 பேர் வந்தால் 25 நிமிடம். 11 பேர் வந்தால் 55 நிமிடம். 12 பேர் வந்தால் வரிசை முடிவில்லாமல் வளரும். வருகிறவர்கள் 9இலிருந்து 11 ஆனது இருபத்துச் சொச்சம் சதவீத உயர்வு. காத்திருப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகிவிட்டது. குமாஸ்தா வேகத்தைக் குறைக்கவில்லை, டீ குடிக்கப் போகவில்லை, போனை நோண்டவில்லை. வரிசையின் இயல்பே அப்படி.

அதே 11 பேருக்கு, ஒரே வரிசையில் இரண்டு கவுண்டர் திறந்திருந்தால்? காத்திருப்பு 55 நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடத்துக்கும் கீழே வந்துவிடும். ஒரு நாற்காலி நிரம்புவதில் இருக்கும் வித்தியாசம் இவ்வளவு பெரியது.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. இரண்டு கவுண்டர் இருக்கும்போது ஒவ்வொருவருக்கும் கைவேலை இருப்பது பாதிக்கும் சற்றுக் குறைவான நேரம்தான். வட்டார அலுவலகத்திலிருந்து வரும் அதிகாரியின் கண்ணுக்கு ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பதாகத் தெரியும். அந்தச் ‘சும்மா’தான் வரிசையைக் குறைத்தது, அதில்தான் இளகுவதற்கான நொடிகளும் சாப்பாட்டு நேரமும் இருந்தன என்பது அறிக்கையில் வராது. ஒரு இடம் மிச்சப்பட்டது என்றுதான் வரும். மிச்சப்பட்டது சம்பளம். அதன் செலவை 55 நிமிடம் நின்றவரும், நின்றவரின் கோபத்தை வாங்கிக்கொண்டவரும் பங்கிட்டுக் கட்டுகிறார்கள்.

நிற்பவரின் கோபத்துக்கும் நியாயம் உண்டு. நூறுநாள் வேலைக் கூலி கணக்கில் ஏறியதா என்று பார்க்க வந்தவருக்கு அரை நாள் போய்விட்டது. “ஏம்மா, நானும் காலையில இருந்து நிக்கிறேன், நீ பாட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கிட்டிருக்கியே?” என்று அவர் கேட்பது, அந்த இடத்தைக் காலியாக விட்டவரைக் கேட்க வேண்டிய கேள்வி. கேட்கிற தூரத்தில் இருப்பது ஒரு முகம்தான் என்பதால் அது அங்கே போய் விழுகிறது.

சுலபமான வேலை போய்விட்டது

எல்லாம் மொபைலிலேயே நடக்கிறதே, இன்னும் எதற்கு ஆள் என்பது இன்று அதிகம் கேட்கப்படும் எதிர்வாதம். பணம் எடுப்பது ஏ.டி.எம்.முக்கும், அனுப்புவது யு.பி.ஐ.க்கும் போய்விட்டது உண்மை. போனவை இரண்டு நிமிட வேலைகள். கவுண்டருக்கு இப்போது வந்து சேருபவை வேறு ரகம்: ஆதாரில் ஒரு எழுத்தும் பாஸ்புக்கில் ஒரு எழுத்துமாக இருக்கும் பெயர், கே.ஒய்.சி. முடியாமல் முடங்கிய கணக்கு, இறந்தவரின் வைப்புத்தொகைக்கு வாரிசுகளுக்குள் தகராறு, ஆன்லைன் மோசடியில் பணத்தை இழந்து அழுதபடி நிற்கும் ஒருவர். எண்ணிக்கை குறைந்திருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரமும் மனச்சுமையும் கூடிவிட்டன. கால் சென்டரிலும் இதே நிலைதான். சுலபமான கேள்விகளைப் பதிவுக்குரலும் சாட்பாட்டும் விழுங்கிவிட, அந்த வளையத்தில் சுற்றிச் சுற்றிச் சலித்தவர்களே கடைசியில் மனிதக் குரலை எட்டுகிறார்கள். எட்டும்போதே சூடாக இருக்கிறார்கள்.

வேலையைப் பரிவர்த்தனை எண்ணிக்கையால் மட்டும் அளந்தால் இந்த மாற்றம் தெரியாது. 2014 ஆகஸ்டில் தொடங்கிய ஜன் தன் திட்டத்தில் 2023க்குள் 50 கோடிக்கு மேல் கணக்குகள் திறக்கப்பட்டன. வங்கி வாசலையே மிதிக்காதவர்கள் உள்ளே வந்தது நல்ல காரியம். படிவம் நிரப்பித் தரவும் பொறுமையாக விளக்கவும் ஆள் தேவைப்படுகிறவர்களும் அவர்களில்தான் அதிகம். போதிய ஆள்சேர்ப்பு என்பது வங்கிச் சங்கங்களின் நீண்ட காலக் கோரிக்கை. 2025 மார்ச் 24, 25 தேதிகளுக்கு அறிவித்துப் பின்னர் தள்ளிவைத்த வேலைநிறுத்தத்திலும் அது இடம்பெற்றிருந்தது.

உடம்பில் விழும் கணக்கு

வேலைச் சுமை மட்டும் மனிதரை உடைப்பதில்லை, சுமை அதிகமாகவும் தன் கையில் அதிகாரம் குறைவாகவும் இருக்கும்போதே உடைக்கிறது என்று 1979இல் ராபர்ட் கராசெக் வாதிட்டார். லண்டன் அரசு ஊழியர்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த வொய்ட்ஹால் ஆய்வில், வேலையில் தன் பிடி குறைந்தவர்களுக்கு இதயநோய் அதிகம் வந்ததை மைக்கேல் மார்மோட் குழு கண்டது. கால் சென்டர் இருக்கையில் அந்தப் பிடி எவ்வளவு என்று பாருங்கள். ஒரு அழைப்பு முடிந்ததும் அடுத்தது தானாகக் காதில் விழுகிறது. சராசரிப் பேச்சு நேரம் திரையில் ஓடுகிறது. கழிப்பறைக்குப் போன நிமிடங்களும் பிரேக் கணக்கில் ஏறுகின்றன. பக்கத்து இருக்கை காலியாக இருந்தால், அந்தப் பிரேக்கையும் டீம் லீடர் தள்ளிவைக்கச் சொல்வார்.

துணிக்கடையில் இது காலில் தெரியும். பத்து மணி நேரம் நின்றால் வீங்கும் கால், புடைக்கும் நரம்பு. கழிப்பறைக்குப் போகப் பதில் ஆள் இல்லாததால் தண்ணீர் குடிக்காமல் இருந்து வரும் சிறுநீர்த் தொற்று. ரங்கநாதன் தெருவின் இந்த வாழ்க்கையை வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010இல் திரையில் காட்டியது. அதே காலத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜியும் அவர் தோழிகளும் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பில் திரண்டு கழிப்பறைக்கும் உட்கார்வதற்கும் போராடினார்கள். 2018இல் கேரளம் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றது. சட்டம் வந்த பிறகும் ஸ்டூலைத் தேட வேண்டிய கடைகள் உண்டு. ஸ்டூல் இருந்தும் உட்கார முடியாத கடைகளும் உண்டு. நாலு பேர் பார்க்க வேண்டிய தளத்தில் இரண்டு பேர் இருந்தால், நாற்காலி அலங்காரப் பொருள்தான்.

நேரக் கணக்கும் இதோடு சேரும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், மாரடைப்பு வகை இதயநோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம்.

மருந்துகளை எடைபோட்டால்

தனிமனிதர் அளவில் செய்யக்கூடியவற்றை முதலில் பார்ப்போம். வேலை நேரம் முடிந்ததும் மனம் வேலையிலிருந்து உண்மையாகவே விலகுகிறதா என்பதுதான் மீள்வதற்கு முக்கியம் என்று சபீன் சோனன்டாக்கின் ஆய்வுகள் காட்டுகின்றன. வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்து, பிராஞ்ச் வாட்ஸ்அப் குரூப்பைப் பார்த்துக்கொண்டிருப்பது ஓய்வில் சேராது. பாட்டு கற்றுக்கொள்வது, ஷட்டில் ஆடுவது, தோட்டத்தில் கை வைப்பது போல, கவனத்தை முழுதாகக் கேட்கும் வேறொன்று அதைவிட நன்றாக ஆற்றும். பகலில் பத்து நிமிடத்துக்குட்பட்ட சிறு இடைவெளிகளும் களைப்பைக் குறைப்பதாகத் தெரிகிறது. இவை பயனுள்ளவை. எல்லையும் உள்ளவை. பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் தரவை வில்லியம் ஃப்ளெமிங் 2024இல் ஆராய்ந்தார். மனநலச் செயலி, தியான வகுப்பு, மனவலிமைப் பயிற்சி போன்ற தனிமனிதத் திட்டங்களில் கலந்துகொண்டவர்களுக்கும் கலந்துகொள்ளாதவர்களுக்கும் நலத்தில் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இல்லை. ஆள் போடாமல் யோகா வகுப்பு வைக்கும் நிறுவனம் இந்த முடிவைப் படிக்க வேண்டும்.

அடுத்தது, கூட இருப்பவர்கள் சேர்ந்து செய்யக்கூடியது. காத்திருப்பதன் உளவியலை 1985இல் எழுதிய டேவிட் மைஸ்டர் ஒன்றைச் சுட்டினார். காரணம் தெரியாத காத்திருப்பும், எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பும், யாரோ முந்திப் போவதாகத் தோன்றும் காத்திருப்பும் உண்மையைவிட நீளமாகத் தெரியும். அதனால் காலையிலேயே வரிசையின் முன் நின்று ஒருவர், “இன்னைக்கு ஒரு கவுண்டர்தாங்க. இருபதாம் நம்பருக்கு மேல இருக்கிறவங்களுக்கு மத்தியானம் ஆயிடும். வீட்டுக்குப் போயிட்டு வந்தாலும் டோக்கன் செல்லும்” என்று சொல்லிவிட்டால், பாதி வாக்குவாதம் நடக்காமலே போகும். வசைபாடும் ஆளை ஒருவரே கடைசிவரை தாங்காமல் இன்னொருவர் வாங்கிக்கொள்வது, கடினமான கவுண்டரை மாறி மாறிப் பார்ப்பது, ஒருவர் சாப்பிடும்போது அவர் சீட்டுக்கு யாரும் போகாமல் பார்த்துக்கொள்வது ஆகியவற்றுக்குச் செலவு இல்லை. சக ஊழியரின் ஆதரவு இருந்தால் அதே சுமை குறைவாகச் சேதப்படுத்துகிறது என்பதை, கராசெக்கின் கருத்தை விரித்தவர்கள் எண்பதுகளிலேயே சொல்லிவிட்டார்கள்.

மூன்றாவது, முதலாளியின் கையில் இருப்பது. மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் சோர்வின் வேரை ஆறு இடங்களில் தேடச் சொன்னார்கள்: வேலையளவு, தன் பிடி, கிடைக்கும் மதிப்பு, கூட இருப்பவர்கள், நியாயம், விழுமியங்கள். ஆறையும் தொடுவது ஆள் எண்ணிக்கை. ஆள் இல்லாத இடத்தில் லீவு கேட்பவர் குற்றவாளியாகிறார். லீவு கிடைத்தவர் மீது மற்றவர்களுக்குக் கோபம். நியாயமும் நட்பும் ஒன்றாகப் போகின்றன. எம்.ஐ.டி. பேராசிரியர் ஜெய்னெப் டான், 2014இல் வந்த நூலில், தேவைக்குச் சற்றுக் கூடவே ஆள் வைத்து நல்ல சம்பளமும் தரும் சில்லறை நிறுவனங்கள் நஷ்டப்படவில்லை என்று ஸ்பெயினின் மெர்காடோனா, அமெரிக்காவின் காஸ்ட்கோ போன்ற உதாரணங்களோடு காட்டினார். அமெரிக்காவில் கேப் துணிக்கடைகளில் நடந்த சோதனையின் முடிவு 2018இல் வந்தது. ஊழியரின் வேலை நேரத்தை நிலையாக்கிய கடைகளில் விற்பனை சுமார் 7 சதவீதம் கூடியது.

நான்காவது, சட்டம். தென்கொரியாவில் 2018 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தம், வாடிக்கையாளரின் வசையிலிருந்து ஊழியரைக் காப்பது முதலாளியின் கடமை என்றது. தேவைப்பட்டால் வேலையை நிறுத்தி ஓய்வு தர வேண்டும். டோக்கியோ மாநகரம் வாடிக்கையாளர் தொல்லைக்கு எதிராக இயற்றிய விதி 2025 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் தண்டனை இல்லை; ஆனாலும் எல்லை ஒன்று உண்டு என்பதை அரசே சொல்லியிருக்கிறது. வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பில் இல்லாமல் இருக்கும் உரிமை பிரான்ஸில் 2017 முதல் சட்டப்படி நடப்பில் இருக்கிறது. இதே நோக்கில் நம் மக்களவையில் சுப்ரியா சுலே கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.

மறைக்காத சமாளிப்பு

இவ்வளவுக்கும் பிறகு, நாளை காலை பத்து மணிக்கு அதே கவுண்டரில் உட்காரப் போகிறவருக்கு என்ன சொல்வது?

ஆள் குறைந்த இடத்தில் நல்ல ஊழியர் செய்யும் முதல் காரியம், குறை வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வது. சாப்பாட்டை விடுகிறார். பஞ்ச் செய்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்து வவுச்சர் முடிக்கிறார். காய்ச்சலோடு வருகிறார். அன்றைய வேலை அன்றே முடிகிறது. மாத அறிக்கையில் எல்லாம் சரியாக இருக்கிறது. அறிக்கையைப் பார்ப்பவருக்கு இவ்வளவு ஆள் போதும் என்பது நிரூபணமாகிவிடுகிறது. அவர் தந்த இலவச உழைப்பே அடுத்த ஆள் வராததற்குச் சான்றாகிறது. ஒரு நாள் அவர் படுத்துவிட்டால் கிளையே படுத்துவிடும், பழியும் அவர் தலையில்தான்.

ஆகவே சமாளிப்பதில் ஓர் ஒழுங்கு வேண்டும். பஞ்ச் செய்த பிறகு வேலை இல்லை. கூடுதல் நேரம் வேண்டியிருந்தால் அது பதிவேட்டில் ஏற வேண்டும். ஒரு நோட்டில் தினமும் ஐந்து வரி போதும்: இருக்க வேண்டியவர் எத்தனை, வந்தவர் எத்தனை, எத்தனை டோக்கன், சாப்பிட்டது எத்தனை மணிக்கு, எந்த வேலை நின்றது. இரண்டு மாதம் எழுதினால் புலம்பலாக இருந்தது ஆவணமாகிவிடும். வேலை குவியும் நாளில் மேலாளரிடம், “சார், இந்த அஞ்சுல இன்னைக்கு மூணுதான் முடியும். எந்த ரெண்டை நாளைக்கு வைக்கலாம்னு சொல்லுங்க” என்று ஒரு மெயிலில் கேட்கலாம். மேலாளரும் பெரும்பாலும் இதே வலையில் சிக்கியவர். அந்த மெயில் அவருக்கும் மேலே அனுப்ப ஒரு காகிதம். வசை எல்லை மீறும்போது சொல்வதற்கு ஒரே வாக்கியத்தை எல்லோரும் முடிவு செய்து வைத்திருப்பதும் நல்லது: “சார், உங்க வேலைய முடிச்சுத் தரத்தான் இருக்கேன். இப்படிப் பேசினா மேனேஜரைப் பாருங்க.” அந்த நேரத்தில் வார்த்தை தேட வேண்டியிருக்காது.

இது எல்லோருக்கும் ஒரே அளவில் முடியாது. நிரந்தர வேலையும் சங்கமும் உள்ள வங்கி ஊழியருக்கு முடிவது, காண்ட்ராக்டில் இருக்கும் கால் சென்டர் ஊழியருக்கு முடியாது. கடை விடுதியிலேயே தங்கி, கடைச் சாப்பாட்டைச் சாப்பிடும் பெண்ணுக்கு அறவே முடியாது. அவளைத் தனியாகத் துணிச்சல் காட்டச் சொல்வது நியாயமில்லை. அவளுக்கு உதவுவது கூட்டமாகக் கேட்பதும், தொழிலாளர் துறை ஆய்வாளர் உண்மையாகவே கடைக்குள் வந்து நாற்காலியையும் ஆட்களையும் எண்ணுவதும்தான். கோழிக்கோட்டுப் பெண்கள் அப்படித்தான் பெற்றார்கள். வேறு வழி இருப்பவர் வேலையை விட்டுப் போவதிலும் தோல்வி எதுவும் இல்லை. ஆனால் அவர் விட்டுப்போன நாற்காலியின் சுமை மிச்சமிருப்பவர் மேல் ஏறும், அவர்களில் இன்னொருவர் கிளம்புவார். ஆட்கள் போய்க்கொண்டே இருப்பதை இயல்பு என்று கணக்கில் எழுதிவைக்கும் நிறுவனம், இந்தச் சுழலை நிறுத்த வேண்டிய கட்டாயத்தை உணர்வதே இல்லை.

கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கும் நமக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு மணி நேரம் காத்திருந்த எரிச்சலில் புகார் எழுதும்போது ‘ஊழியர் மெத்தனம்’ என்று எழுதினால், அது அந்த ஊழியருக்கு மெமோவாகப் போகும். ‘நான்கு கவுண்டரில் ஒன்றில் மட்டும் ஆள் இருந்தார், ஐம்பது நிமிடம் நின்றேன்’ என்று தேதி போட்டு எழுதினால், ஆள் ஏன் இல்லை என்று மேலே யாராவது பதில் எழுதியாக வேண்டும். காத்திருந்தவரும் காக்கவைத்தவரும் தனித்தனியே சுமந்த கோபம் சேர்ந்து போய்ச் சேர வேண்டிய இடம் அந்தப் பதிலை எழுத வேண்டியவரின் மேசை.